இங்கே மேஸ்திரி யார்?

எல் ஆல்டோ
அக்டோபர் 12, ஞாயிறு காலை

என் செல்ல மகள் மரிசோலுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் நம் கிழட்டு நாய் ஓசோவும் சுகமாகவே இருக்கிறோம். அங்கே கடலோரக் காற்றில் உனக்கும் ஒரு குறையும் வரக்கூடாது என்று கோபகபானா மாதாவிடமும் வேண்டுகிறேன், பூமித்தாயிடமும் வேண்டுகிறேன், ஒருவரிடம் வேண்டியது மற்றவருக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்கிறேன். கையில் போன் இருக்கும்போது இதென்ன கடிதம் என்று கேட்பாய். போனில் நான் வாயைத் திறந்தாலே நீ "சரிம்மா, சரிம்மா, வேலைக்கு நேரமாச்சும்மா" என்று வைத்துவிடுகிறாய், கடிதத்தை அப்படிப் பாதியில் வைத்தால் அது மேசையிலேயே கிடந்து உன்னைப் பார்த்துக்கொண்டிருக்கும் அல்லவா, அதனால்தான். நீ இருக்கிற அந்தோஃபகாஸ்தாவுக்கு பஸ் ஓட்டுகிற நம் எதிர்வீட்டுக்காரர் கையில் கொடுத்தனுப்புகிறேன். பனியில் காயவைத்த கிழங்கும் உப்புக்கண்டமும் ஒரு மூட்டை கட்டி வைத்திருந்தேன், எல்லையில் அந்தச் சிலிக்காரர்கள் அத்தனையையும் பிடுங்கிக் குப்பையில் போடுவார்கள் என்று அவர் தலையில் அடித்துக்கொண்டார், நான் அவிழ்த்துவிட்டேன். கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி மட்டும் வருகிறது. கடற்கரை ஊருக்குக் கம்பளி எதற்கு என்று கேட்காதே, போட்டுக்கொள்.

வீட்டு விஷயம் என்றால், அப்பாவின் மினிபஸ்ஸுக்கு கிளட்ச் மாற்றியாகிவிட்டது, அப்பாவின் முழங்காலைத்தான் மாற்ற முடியவில்லை. ஏறும்போதும் இறங்கும்போதும் முனகுகிறார், ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்துவிட்டால் மட்டும் இருபது வயசுப் பையன்தான். செப்டம்பரில் போய் ஒரு நாள் பனி கொட்டியது, கொல்லையில் போட்ட அவரையெல்லாம் கருகிப்போயிற்று. மற்றபடி புகார் ஒன்றும் இல்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் நீ சொன்னாயே, உங்கள் கட்டடத்தில் புதிதாக இரண்டு பெண்கள் டைல்ஸ் வேலைக்குச் சேர்ந்திருக்கிறார்கள், அவர்களைக் கூட வைத்துக்கொண்டு ஆறு மாதத்தில் ஆளாக்கிவிட முடியுமா என்று மேலாளர் உன்னைக் கேட்டார், இருபதாம் தேதி திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும் என்று. "எனக்கே இன்னும் சரியா வரலம்மா, நான் யாருக்குச் சொல்லித்தர? முடியாதுன்னு சொல்லிடப்போறேன்" என்றாய். நான் ஒன்றும் பேசவில்லை. அம்மா ஒத்துக்கொண்டாள் என்று நினைத்திருப்பாய், அப்படியில்லை. உனக்கு நான் பதில் சொல்ல வேண்டுமானால் முதலில் உன்னிடம் சொன்ன ஒரு பொய்யை ஒத்துக்கொள்ள வேண்டும், அதற்கு வாய் வரவில்லை, அதுதான் விஷயம். ஆகஸ்ட்டில் என் மேஸ்திரிப் பரீட்சையைத் தள்ளி வைத்துவிட்டார்கள் என்று உன்னிடம் சொன்னேனே, யாரும் தள்ளி வைக்கவில்லை. பரீட்சை நடந்தது. நான்தான் கோட்டைவிட்டேன். தோற்றேன் என்றுகூடச் சொல்ல முடியாது, தோற்பதற்காவது பரீட்சைக்கு முன்வந்து நின்றிருக்க வேண்டும்.

முதலிலிருந்து சொல்கிறேன். உன் சித்தப்பா அன்செல்மோவின் ஆட்களோடு நான் வேலைக்குப் போக ஆரம்பித்தபோது உனக்கு ஐந்து வயது, உன்னை மணல் மேட்டில் உட்காரவைத்துவிட்டுச் செங்கல் சுமந்தேன். சுமந்தேன், சலித்தேன், கலவை குழைத்தேன், அப்புறம் சுவருக்குப் பூசினேன், அப்புறம் சீலிங்குக்கு வந்தேன். இப்போது நம் ஊரில் கல்யாண மண்டபங்களின் கூரையோரம் ஓடுகிற ஜிப்சம் கார்னிஸும் நடுவில் இருக்கிற பூ வேலையும் எத்தனை என் கையால் போட்டது என்று உனக்கே தெரியும். நீயே சின்ன வயதில் அண்ணாந்து பார்த்து, இது அம்மா போட்ட பூ என்று ஊருக்கெல்லாம் சொல்வாய். நான் யாருக்கும் சொன்னதில்லை. வீட்டுக்காரர் யாராவது வந்து மேஸ்திரி எங்கே என்று கேட்டால், "வெளிய போயிருக்காருங்க, இப்ப வந்துடுவாரு" என்பேன். ஆரம்பத்தில் அது நிஜம்தான், நான் சித்தாள், சித்தப்பாதான் மேஸ்திரி. அப்புறம் பாதி நிஜம் ஆயிற்று. கடைசியில் சித்தப்பா மூன்று வேலையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு எங்கேயோ சுற்றுவார், கட்டடத்தில் அளவெடுப்பதும் ஆள் பிரிப்பதும் நானாக இருப்பேன், அப்போதும் யாராவது கேட்டால் மேஸ்திரி வெளியே போயிருக்கிறார்தான். ஒரு வகையில் அது வசதியும்கூட, மரிசோல். தனியாக வேலை செய்கிற பெண்பிள்ளையிடம் வம்புக்கு வருகிறவன்கூட, மேஸ்திரி இப்போது வந்துவிடுவார் என்றால் நடையைக் கட்டுவான். நம் பெண்கள் எல்லாருமே அப்படித்தான் சொல்லுவோம். சொல்லிச் சொல்லி அது நாக்கில் ஒட்டிக்கொண்டுவிட்டது.

எங்கள் கட்டட வேலைப் பெண்கள் சங்கத்தில் இந்த வருஷம் ஒரு ஏற்பாடு செய்தார்கள். விசேஷம் என்றால் கேக்குச் செலவை ஏற்க ஒரு ஞானத்தாய், பாண்டு வாத்தியத்துக்கு ஒரு ஞானத்தாய், பீர்ப் பெட்டிக்கு ஒரு ஞானத்தாய் என்று வைத்துக்கொள்கிற ஊர்தானே நம் ஊர், அதுபோலக் கட்டட வேலை செய்கிற ஒவ்வொரு பெண்ணுக்கும் தொழிலுக்கு ஒரு ஞானத்தாய். மேஸ்திரிச் சான்றிதழ் வாங்கியவள் வாங்காதவளைக் கைப்பிடித்துக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். ஹெல்மெட்டுக்குள் பெயர்ச் சீட்டுகளைப் போட்டுக் குலுக்கி எடுத்தார்கள். நான் நல்ல பாவாடை கட்டிக்கொண்டு தொப்பியைத் துடைத்து வைத்துக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன், எந்தச் சின்னப் பெண்ணுக்கு நாம் ஞானத்தாயோ என்று. என்னை அழைத்து, நீங்கள் ஞானத்தாய் இல்லை, ஞானமகள் என்றார்கள். ஐம்பது வயதில்! சரி, சான்றிதழ் என்னிடம் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஞானத்தாய் யார் என்று பார்த்தால் லிட்சி. உன்னோடு ஆறாம் வகுப்பில் படித்த லிட்சி தார்க்கி! நம் வீட்டு ரேடியோவை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப்போட்டு, நான் துடைப்பத்தைத் தூக்கிக்கொண்டு தெருக்கோடி வரை விரட்டினேனே, அவளேதான். இப்போது அவள் எலக்ட்ரீசியன் மேஸ்திரி, அவளிடம் மூன்று பேர் வேலை செய்கிறார்கள். மேடைக்கு வந்து என்னைக் கட்டிக்கொண்டு, "அத்த, இனிமே நான்தான் உங்களுக்கு ஞானத்தாய், துடைப்பத்தை எல்லாம் எடுக்கக்கூடாது" என்று மைக்கிலேயே சொன்னாள். கூட்டம் சிரித்த சிரிப்பில் என் காது சூடாகிவிட்டது.

பூச்சு வேலையில் அவளுக்கு நான் பாடம் நடத்தலாம், அது அவளுக்கும் தெரியும். அவள் எடுத்த பாடம் வேறு. முதல் நாளே நம் சாப்பாட்டு மேசையில் ஒரு பிளானை விரித்து, "இந்த ஹாலுக்கு எத்தனை மூட்டை ஜிப்சம், எத்தனை நாள் வேலை, சொல்லுங்க" என்றாள். மனதுக்குள் கணக்கு வந்துவிட்டது, பதினெட்டு மூட்டை, ஆறு நாள். வாயில் வந்தது என்ன தெரியுமா, "அன்செல்மோவக் கேட்டுச் சொல்றேன்." அவள் பேனாவை மூடி வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். அதற்குப் பிறகு நான்கு மாதம் வாரத்துக்கு இரண்டு நாள் வந்தாள். எஸ்டிமேட் எழுதக் கற்றுத்தந்தாள், பிளான் படிக்கக் கற்றுத்தந்தாள், பேசி முடித்த வேலைக்கு மேல் வீட்டுக்காரர் இன்னொரு வேலையைச் சொருகினால் முகம் கோணாமல் மறுப்பது எப்படி என்று கற்றுத்தந்தாள். அந்தக் கடைசிப் பாடத்துக்கு அப்பா வீட்டுக்காரராக நடித்தார், ரொம்ப நன்றாக நடித்தார், பாவி மனுஷன், ஒரு கழிப்பறையையே இலவசமாகக் கேட்டார்.

ஆகஸ்ட்டில் பரீட்சை. அவரவர் பொறுப்பில் நடக்கிற வேலையை அந்த இடத்திலேயே வந்து பார்த்துச் சான்று கொடுப்பார்கள். ஒரு தையல்காரர் வீட்டு முன்னறை சீலிங்கை என் பெயரிலேயே எடுத்திருந்தேன், தனியாக வேலை. ஒன்பது மணிக்கு மேல் எப்போது வேண்டுமானாலும் வருவார்கள், லிட்சியும் ஒன்பதே முக்காலுக்கு வந்துவிடுவாள். ஒன்பதுக்கே ஒரு மனிதர் வந்து நின்றார், பழுப்பு ஜாக்கெட், தலையில் ஹெல்மெட் இல்லை, கையில் ஒரு பை. தையல்காரருக்கு உறவுக்காரர் யாரோ என்று நினைத்தேன். என்னைப் பார்த்து, "மேஸ்திரி யாருங்க?" என்றார். நான் என்ன செய்தேன் தெரியுமா, பின்னால் திரும்பிப் பார்த்தேன். பின்னால் ஒருவரும் இல்லை, முந்தின நாள் நான் பூசின சுவர்தான் இருந்தது. அந்தச் சுவரைப் பார்த்துவிட்டு அவரிடம் திரும்பி, "வெளிய போயிருக்காருங்க, இப்ப வந்துடுவாரு" என்றேன். என் பெயரைச் சொல்லிக் கேட்டிருந்தால் நான்தான் என்று சொல்லியிருப்பேன் மரிசோல், அவர் மேஸ்திரியை அல்லவா கேட்டார்! அவரும் நல்ல மனிதர், பரவாயில்லை காத்திருக்கிறேன் என்று செங்கல் அடுக்கின்மேல் உட்கார்ந்தார். நான் துண்டால் தூசி தட்டிக் கொடுத்தேன். அரைமணி நேரம் நான் வேலை செய்வதையே பார்த்துக்கொண்டு எனக்காகவே காத்திருந்தார். நடுவில் அண்ணாந்து பார்த்து, "நல்ல கை உங்க மேஸ்திரிக்கு, ஒரு இடத்துலயாவது மட்டம் தப்பல" என்றார். நான் வாயெல்லாம் பல்லாக, "ஆமாங்க, ரொம்ப சுத்தமா வேலை செய்வாரு" என்றேன். அப்புறம் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு ஒரு காகிதத்தில் எழுதி, மேஸ்திரி வந்தால் கொடுத்துவிடுங்கள் என்று என் கையில் தந்துவிட்டுப் போனார். என் பெயரைப் போட்டு, "பா. சிப்பானா, விண்ணப்பதாரர் பணியிடத்தில் இல்லை" என்று எழுதியிருந்தது. அவர் போய் மினிபஸ் ஏறும் வரைக்கும் அந்தக் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன்.

லிட்சி வந்து அதைப் படித்தாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன், கத்தவில்லை. "எந்த மேஸ்திரி அத்த வெளிய போனாரு? அவரு பேரச் சொல்லுங்க" என்றாள். நான் அழுதுவிட்டேன். உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது, தலைமுக்காட்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பழைய கதையைச் சொன்னாள், எனக்கு அது மறந்தே போயிருந்தது. எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு மூன்று மாடி வீட்டுக்கு அவள் முதன்முதலாகத் தனியாக ஒயரிங் பண்ண வந்திருக்கிறாள். வீட்டுக்காரர் அவளை மின்சாரப் பெட்டி பக்கமே விடவில்லை, எலக்ட்ரீசியன் வரட்டும், நீ தள்ளி நில்லு என்றாராம். மேலே சாரத்தில் நின்று கார்னிஸ் போட்டுக்கொண்டிருந்த நான் கீழே குனிந்து, "அவதாங்க எலக்ட்ரீசியன். பதினோரு வயசிலேயே என் ரேடியோவப் பிரிச்சவ, உங்க பெட்டி அவளுக்கு எந்த மூலைக்கு?" என்று கத்தினேனாம். "அன்னைக்கு எனக்காகக் கத்தத் தெரிஞ்ச வாய்தானே அத்த இது, உங்களுக்காக ஏன் தொறக்க மாட்டேங்குது?" என்று கேட்டாள்.  அதற்குச் சாயங்காலம் வீட்டில் அப்பாதான் ஒரு பதில் வைத்திருந்தார், ஆகஸ்ட்டில் பூமித்தாய் வாயைத் திறந்து பசியோடு இருப்பாள், நாம் சரியாகப் படைக்கவில்லை, இன்னொரு படையல் தட்டை நெருப்பில் எரிக்க வேண்டும் என்றார். லிட்சி அவர் முகத்துக்கு நேராகவே, "பூமித்தாய்க்கு வாய் நல்லாத்தான் தொறக்குது மாமா, அத்தைக்குத்தான் தொறக்கல" என்றாள். ஆனாலும் எரித்தோம், எதற்கு வம்பு.

அடுத்த பரீட்சைக்கு ஆறு வாரம் இருந்தது. அந்த ஆறு வாரமும் லிட்சி என்னை ஒரே கேள்வியால் வதைத்தாள். எங்கே பார்த்தாலும், எந்த நேரமும், "இங்க மேஸ்திரி யாரு?" நான் உடனே "நான்தான்" என்று சொல்ல வேண்டும், திரும்பிப் பார்க்கக்கூடாது, சிரிக்கக்கூடாது. சந்தையில் கேரட் பொறுக்கிக்கொண்டிருக்கும்போது கேட்டாள். சங்கத்தில் எல்லாரும் கொண்டுவந்ததைத் துணியில் கொட்டி வட்டமாக உட்கார்ந்து சாப்பிடுவோமே, அங்கே என் வாய் நிறையக் கிழங்கு இருக்கும்போது கேட்டாள். அப்பாவும் சேர்ந்துகொண்டார், காலையில் தேநீர் வேண்டுமென்றால், "இந்த வீட்டுல மேஸ்திரி யாரு, கொஞ்சம் சர்க்கரை போடச் சொல்லுங்க" என்பார். "நான்தான், நீங்களே எழுந்து போட்டுக்குங்க" என்று சொல்லப் பழகிக்கொண்டேன், அந்தமட்டில் லாபம். ஆனால் வீட்டுக்குள்தான் தைரியம். வெளியே யாராவது கேட்டால் பழைய பதில்தான் நாக்கில் வந்து நின்றது. ஒரு நாள் அப்பாவின் மினிபஸ்ஸில் முன்னால் உட்கார்ந்து போகிறேன், வண்டி நிறைய ஜனம், பின்சீட்டிலிருந்து லிட்சி குரல் கொடுக்கிறாள், "இந்த வண்டியில சீலிங் மேஸ்திரி யாராவது இருக்கீங்களா?" அப்பா கண்ணாடியில் என்னையே பார்க்கிறார். மூன்று தெரு தாண்டிவிட்டது, நான் ஜன்னல் வழியாகக் கடைப் பலகைகளைப் படித்துக்கொண்டிருந்தேன். அப்புறம், போய்த் தொலைகிறது, எத்தனை நாள் இந்தத் தொல்லை என்று, "நான்தான்டி, என்ன வேணும்?" என்று கத்தியேவிட்டேன். வண்டியே திரும்பிப் பார்த்தது. பக்கத்தில் வெங்காய மூட்டையோடு இருந்த அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நெசமாவா தாயி? எங்க வீட்டுக் குளிக்கிற ரூம்ல சீலிங் உப்பிக்கிட்டு வருது, வந்து பாக்குறியா?" என்றாள். அடுத்த நாளே போய்ப் பார்த்தேன், மேலே குழாய் கசிவு, ஈரம் படுகிற இடத்தில் எவனோ ஜிப்சத்தைப் பூசி வைத்திருக்கிறான். தட்டி எடுத்து சிமென்ட்டில் செய்து கொடுத்தேன். எனக்கென்று என்னைத் தேடி வந்த முதல் வேலை, மகளே, ஒரு குளியலறை.

இனி செப்டம்பர் பரீட்சை. சித்தப்பா ஒரு விழா மண்டபம் பிடித்திருந்தார், சிவப்பும் பச்சையும் கண்ணாடியுமாக நம் ஊர் மண்டபம் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். அதன் சீலிங்கை முழுவதும் என் பெயரில் எழுதித்தரச் சொன்னேன். "என்ன அண்ணி இது, உங்களுக்கு என்ன குறை வச்சேன்? நான் இருக்கேன்ல?" என்றார். "நீ இருக்கே அன்செல்மோ, நான்தான் இல்லாமப் போயிட்டேன்" என்றேன். அவருக்குப் புரிந்ததோ என்னவோ, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார். அவரைக் குற்றம் சொல்லாதே, கெட்டவர் இல்லை, ஊர் அவரை மேஸ்திரி மேஸ்திரி என்று கூப்பிட்டுப் பழக்கிவிட்டது.

அன்று காலை நான் சாரத்தின் மேலே. அச்சுப் பலகையை வைத்துக் கார்னிஸ் இழுத்துக்கொண்டிருக்கிறேன். ஜிப்சம் எப்படி என்று நீ பார்த்திருக்கிறாய், தண்ணீரில் போட்டதிலிருந்து பத்து நிமிஷத்தில் இறுகிவிடும், ஒரு நீளத்தை ஒரே இழுப்பில் முடிக்காவிட்டால் நடுவில் தழும்பு விழுந்துவிடும், அப்புறம் மொத்தத்தையும் கொத்தி எடுக்க வேண்டியதுதான். எனக்குக் கலந்து கொடுக்கிற பெண் சட்டியைக் கழுவ வெளியே போயிருந்தாள், லிட்சி வாசலில் ஒயரைச் சரி பார்த்துக்கொண்டிருந்தாள், சித்தப்பா கீழே நின்று சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதே பழுப்பு ஜாக்கெட். உள்ளே வந்தவர் நேராகச் சித்தப்பாவிடம் போனார், போகத்தானே செய்வார், மீசையும் நீல ஹெல்மெட்டுமாக நிற்கிறார். "நீங்கதானே மேஸ்திரி?" என்று கேட்டார். சித்தப்பா வாயைத் திறந்தது எனக்கு மேலிருந்து தெரிந்தது. இருபத்திரண்டு வருஷமாக அந்தக் கேள்விக்கு அவர் என்ன சொல்வாரோ அது வரப்போகிறது. லிட்சி கையில் ஒயரோடு அப்படியே நின்றுவிட்டாள், ஆனால் வாயைத் திறக்கவில்லை, எனக்காக அவள் கத்தவில்லை, அதைத்தான் என் ஞானத்தாய் எனக்குச் செய்த பெரிய உபகாரம் என்று சொல்வேன். நான் பலகையை நிறுத்தவில்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை. "மேஸ்திரி இங்க மேல இருக்கேங்க! ஒரு பத்து நிமிஷம் நில்லுங்க, ஜிப்சம் யாருக்கும் நிக்காது!" என்று கத்தினேன். மண்டபம் காலியாக இருந்ததால் அது நாலு சுவரிலும் மோதித் திரும்பி வந்தது, எனக்கே தூக்கிவாரிப்போட்டது, இது யார் குரல் என்று.

அதற்குள் சட்டியில் இருந்தது தீர்ந்துவிட்டது, இன்னும் இரண்டு முழம் இழுக்க வேண்டும், கலந்து கொடுக்க ஆள் இல்லை. நான் கையை மட்டும் கீழே நீட்டினேன், யார் இருக்கிறார்கள் என்று பார்க்கவில்லை. கையில் சட்டி வந்து உட்கார்ந்தது, சரியான பதத்தில், கட்டி இல்லாமல். இழுத்து முடித்துவிட்டுத்தான் குனிந்து பார்த்தேன். உன் சித்தப்பா அன்செல்மோ! முழங்கை வரைக்கும் வெள்ளை, மீசையில் ஜிப்சம், அண்ணாந்து பார்த்துக்கொண்டு, "அண்ணி, இன்னொரு சட்டி கலக்கட்டுமா?" என்கிறார். அந்த மனிதர் சித்தப்பாவிடம், அப்படியானால் நீங்கள் யார் என்று கேட்டிருக்கிறார். சித்தப்பா கொஞ்சம் யோசித்துவிட்டு, "நான் இவங்களுக்கு உதவிக்கு வந்தவன்" என்று சொன்னாராம். இதைப் பிறகு லிட்சி சொல்லித்தான் எனக்குத் தெரியும், கேட்டதும் எனக்கு மறுபடியும் அழுகை வந்துவிட்டது, இந்தத் தடவை வேறு அழுகை.

நான் இறங்கிக் கையைத் துடைத்துக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றேன். அவர் என்னையே உற்றுப் பார்த்தார், பையிலிருந்து காகிதத்தை எடுத்தார், மறுபடி பார்த்தார். "உங்கள எங்கயோ பாத்திருக்கேனே. அந்தத் தையல்காரர் வீட்டுல... மேஸ்திரி வெளிய போயிருக்காருன்னு சொன்னீங்களே, அது நீங்கதானே?" என்றார். "ஆமாங்க, இருபத்திரண்டு வருசமா வெளிய போயிருந்தாங்க. இப்பத்தான் திரும்பி வந்தாங்க" என்றேன். லிட்சி வாசலில் ஒயரைக் கீழே போட்டுவிட்டுக் கைதட்டினாள். அவரும் சிரித்துவிட்டார், ஆனால் சிரித்தார் என்பதற்காகச் சும்மா விடவில்லை, மூன்று மணி நேரம் வறுத்தெடுத்தார். மட்டம் வைத்துப் பார்த்தார், பிளானைக் கொடுத்துப் படிக்கச் சொன்னார், எஸ்டிமேட் போடச் சொன்னார். எத்தனை மூட்டை என்று கேட்டபோது யாரையும் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லவில்லை. சான்றிதழ் போன செவ்வாய்க்கிழமை வந்தது. அப்பா அதை மினிபஸ் கண்ணாடியில் ஒட்ட வேண்டும் என்று ஒரே அடம், நான் கொடுக்கவில்லை. லிட்சிக்கு ஞானமகள் சீராக அந்தப் பழைய ரேடியோவைத் துணியில் சுற்றிக் கொடுத்தேன், பிரித்ததை நீயே சேர் என்று. சேர்த்துவிட்டாள், பாடுகிறது, இரண்டு ஸ்க்ரூ மட்டும் மிச்சம் இருக்கிறது என்கிறாள். சித்தப்பா மூன்று நாள் வீட்டுப் பக்கம் வரவில்லை, நாலாம் நாள் ரொட்டியும் வாங்கிக்கொண்டு வந்து, அடுத்த மண்டபத்துக்கும் சீலிங் எஸ்டிமேட் போட்டுத்தர முடியுமா அண்ணி என்று கேட்டார். வியாழக்கிழமைக்குள் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன், உடனே கொடுத்தால் மதிப்பு இருக்காதாம், அதுவும் லிட்சி சொன்ன பாடம்தான்.

இப்போது அந்த இரண்டு பெண்கள். உனக்குச் சரியாக வரவில்லை என்கிறாய், லிட்சிக்குப் பூச்சு வேலை சுத்தமாகவே வராது, அவள்தான் என்னை மேஸ்திரி ஆக்கினாள், நினைத்துப் பார். முதல் நாளே டைல்ஸைக் கையில் கொடுத்து மிரட்டாதே. தாழ்ப்பாள் உள்ள கழிப்பறை எங்கே என்று காட்டு, எந்த ஆள் பக்கத்தில் தனியாகப் போகக்கூடாது என்று சொல்லிவை, மத்தியானம் அவர்களோடு உட்கார்ந்து சாப்பிடு. நீ தப்பாக வெட்டிக் கெடுத்த டைல்ஸ் கதைகளை மறைக்காமல் சொல், எனக்கு ஒரு சாக்குமூட்டை அளவு தெரியும், வேண்டுமானால் எழுதி அனுப்புகிறேன். வெட்டுகிற மிஷினை அவர்கள் கையில் கொடுத்துவிட்டு நீ கையைக் கட்டிக்கொண்டு நில், உதடு துடிக்கும், துடிக்கட்டும். அவர்கள் போட்ட தரையைப் பார்த்து யாராவது இதைப் போட்டது யார் என்று கேட்டால், உன் பக்கம் கை காட்ட மட்டும் விட்டுவிடாதே. மற்றதெல்லாம் தானாக வரும்.

நீ கேட்ட என் அடையாள அட்டை நகலை இதோடு வைத்திருக்கிறேன். முன்னால் அனுப்பிய நகலைக் கிழித்துப் போட்டுவிடு, இது புதிது, வெள்ளிக்கிழமை போய் மாற்றிக்கொண்டு வந்தேன். போட்டோவைப் பார்த்துச் சிரிக்காதே, பின்னலில் ஜிப்சம் ஒட்டிக்கொண்டிருந்ததை ஒருவரும் சொல்லவில்லை. அதற்குக் கீழே தொழில் என்று இருக்கிற வரியைப் பார். பழையதில் வீட்டுவேலை என்று இருந்தது, அதுவும் நான் சொல்லித்தான் அப்போது எழுதினார்கள். இந்தத் தடவை கவுன்டரில் இருந்த பெண் கேட்டாள், நான் சொன்னேன், அவள் தலையைக்கூடத் தூக்காமல் அடித்துக் கொடுத்துவிட்டாள். இவ்வளவுதானா என்று இருந்தது எனக்கு.

பூமித்தாய் உன் காலடியில் உறுதியாக இருக்கட்டும், மாதா உன் தலைக்கு மேலே இருக்கட்டும், நடுவில் இருக்கிற உன்னை நீயே பார்த்துக்கொள். ஹெல்மெட்டின் வாரைக் கட்டு, சும்மா தொங்கவிடாதே. மறந்துவிடாதே, இருபதாம் தேதி திங்கட்கிழமை. மேலாளர் வந்து இந்தப் பெண்களுக்குப் பொறுப்பு யார் என்று கேட்கும்போது நீ பின்னால் திரும்பிப் பார்ப்பாய், எனக்குத் தெரியும், நீ என் மகள். பார்க்காதே. பின்னால் ஒரு சுவர்தான் இருக்கும், அதுவும் நீ டைல்ஸ் ஒட்டின சுவராகத்தான் இருக்கும்.

ஆயிரம் முத்தங்களோடு,
உன் அம்மா,
மேஸ்திரி பாஸ்குவாலா சிப்பானா